நாலாம் மேசையின் பதினாறு விநாடி

லட்சுமணனும் கோவிந்தம்மாளும் குடும்பம் நடத்தியது வீட்டில் இல்லை. டெல்லி மாயாபுரியில் ஒரு சலவைத் தொழிற்சாலையில், நாலாம் நம்பர் மேசைக்கு முன்னால் நின்று நடத்தினார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்கெல்லாம் அவள் கிளம்பிவிடுவாள். ஜனக்புரியில் இரண்டு வீட்டுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நேரே டூட்டிக்கு வருவாள். சாயங்காலம் ஷிப்ட் விட்டால் அவனுக்குச் சங்க வேலை. அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். யாருக்கு லீவு மறுத்தார்கள், யாருக்கு பி.எஃப். ஏறவில்லை என்று எதையாவது தலையில் போட்டுக்கொண்டு அலைவான். வீடு வந்து சேர்ந்தால் சாப்பாடு, தூக்கம், தீர்ந்தது. ஆக, புருஷனும் பெண்டாட்டியும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவது அந்த எட்டு மணி நேரத்தில்தான். அதுவும் எப்படி? நடுவில் ஒரு படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு.

எல்லாம் ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற விரிப்புகள். அங்கே எல்லோரும் இந்தியில் சாதர் என்பார்கள். இவர்கள் வாயிலும் அதுதான் வரும். துவைத்துப் பிழிந்து, நீராவி ரோலருக்குள் நுழைந்து சூடாக வெளியே வரும் சாதரை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதற வேண்டும். நீளவாக்கில் மடிக்க வேண்டும். பிறகு எதிரும் புதிருமாக நடந்து வந்து நடுவில் சந்தித்து, ஒருத்தர் கையிலுள்ள முனைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டும். மறுபடி நெருங்க வேண்டும். இப்படிப் பதினெட்டு வருஷம். நெருங்கும்போது அரை வாக்கியம், விலகும்போது மீதி. மகள் பூங்கோதையை நர்ஸ் படிப்பில் சேர்ப்பதா, பி.காம். சேர்ப்பதா என்று அந்த மேசையில்தான் முடிவானது. பிரிட்ஜ் வாங்கியது, கோவிந்தம்மாளின் தம்பியோடு பேச்சு முறிந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது எல்லாம் சாதர் மடிக்கும்போது நடந்தவைதான்.

அந்தக் கூடத்தில் மடிப்பு மேசை ஆறு, ஆள் பன்னிரண்டு. ஆறிலும் நாலாம் மேசைதான் வேகம். அதற்குக் காரணம் தன் கைதான் என்று லட்சுமணனுக்கு ஒரு நினைப்பு. கையைப் பற்றியாவது கொஞ்சம் அடக்கமாகப் பேசுவான். கால் பேச்சு வந்துவிட்டால் நிறுத்த முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், துவைக்கும் பகுதியின் ஈரத்தரையில் டிராலி தள்ளும்போது வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. பத்து நாள் படுத்துக் கிடந்தான். கரோல் பாகில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிறத்தில் ஓர் எண்ணெய் வாங்கித் தேய்த்தான். அதிலிருந்து கால் பூரண குணமாகிவிட்டது என்று அவன் சொல்லாத ஆள் கிடையாது. மேனேஜரின் டிரைவருக்குக்கூட ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என் காலு இப்ப முன்னவிட ஸ்ட்ராங்கு" என்பான்.

கோவிந்தம்மாள் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். சாயங்காலம் ஒரு வாளி வெந்நீரில் தன் பாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பாவம், அடுப்படியில் நின்று நின்று வலிக்கிறது போல என்று அவன் நினைத்துக்கொள்வான்.

"உனக்கும் அந்த எண்ணெய தேச்சு உடட்டா?"

"வேணாஞ்சாமி. நீங்களே தேச்சுக்குங்க. டெல்லிக்கே குடுக்கணும், பத்தாமப் போயிரும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்த நோட்டீஸ் வந்து விழுந்தது. உற்பத்தித்திறனைக் கூட்டுவதற்காக வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர் வருகிறார், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கப்போகிறார், அனைவரும் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைப்பாம்! மேனேஜர் அரோரா கான்டீனில் வாய் தவறிச் சொன்னது அதற்குள் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. மடிப்புக்குப் பன்னிரண்டு பேர் எதற்கு, எட்டு போதாதா? அதாவது நாலு பேர் வெளியே.

அந்த நாலு பேரில் முதல் பெயர் யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியாகச் சேர்ந்தவள் மேகலா. மூன்றாம் மேசையில் நிற்பாள். கை இன்னும் ஓடிப் பழகவில்லை. புருஷனுக்குக் கட்டட வேலை. டெல்லியில் குளிர்காலத்துப் புகை கூடினால் முதலில் நிறுத்துவது கட்டட வேலையைத்தானே? அந்த நாட்களில் அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரியும்.

"அண்ணே, என்னை அனுப்பிருவாங்களா?" என்று அவள் லட்சுமணனிடம் வந்து கேட்டாள்.

"நான் இருக்கறவரைக்கும் ஒருத்தரும் போக மாட்டாங்க. போம்மா, போய் வேலையப் பாரு" என்றான். சொல்லிவிட்டானே தவிர, ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தான்.

மறுநாள் கேட் மீட்டிங். அவன் இந்தியில் பேசினால் பிகார்க்காரன்கூடக் கை தட்டுவான், அப்படி ஓர் இந்தி. பாதி தப்பு, ஆனால் முழுக்கச் சூடு. அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான். அளக்க வருகிற நாளில் எந்த மேசையும் ஒரு சாதருக்கு முப்பத்தைந்து விநாடிக்குக் கீழே போகக் கூடாது. மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அவர்கள் முப்பத்தைந்தை எழுதிக்கொண்டு போனால் பன்னிரண்டு பேரே போதாது என்று கணக்கு வரும். இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினான். அளந்த தாள் எதுவானாலும் சங்கச் செயலாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே போக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டில் வெயிலில் உட்கார்ந்து அவன் வாங்கிய உரிமை அது.

எல்லோரும் தலையாட்டினார்கள். கோவிந்தம்மாள் ஆட்டவில்லை.

"எனக்கு மெதுவா வராது" என்றாள் வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில்.

"ஏன் வராது? பழகுனா வரும்."

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒத்திகை. வீட்டுச் சாதரைப் பிடித்துக்கொண்டு செயலாளர் வாய்விட்டு எண்ண, எண்ணிக்கைக்கு ஏற்ப இரண்டு பேரும் ஆற அமர நடந்தார்கள். மூன்று தடவை மடித்தார்கள். மூன்றாவது தடவை நடுவுக்கு வரும்போது லட்சுமணனுக்குக் கால் லேசாக மடங்கியது.

"இந்த மாடித் தரையே மேடும் பள்ளமும். ஓனர்கிட்ட சொல்லணும்" என்றான்.

கோவிந்தம்மாள் சாதரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். "போதும். மெதுவா புடிச்சா சாதர் தொங்குது. கீழ பட்டா மறுக்கா தொவைக்கணும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினாள். என்ன திமிர் பாருங்கள் என்று அவன் நினைத்தான்.

புதன்கிழமை இன்ஜினியர் வந்தாள். ஆமாம், பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயசிருக்கும். ஜீன்ஸ், முதுகில் பை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு டேப்லெட். அட்டையில் ஸ்ம்ருதி என்று இந்தியில் எழுதியிருந்ததை லட்சுமணன் படித்தான். டெல்லியில் ஸ்ம்ருதி என்றால் சர்மாவோ வர்மாவோ என்று விட்டுவிட்டான். அதுதான் தமிழர்கள் இங்கே செய்கிற தப்பு. இந்த ஊரில் தமிழில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி என்று ஒரு தைரியம்.

"மேகலா, எண்ணு எண்ணு. அவசரப்படாத" என்று அந்தப் பெண்ணின் தலைக்கு மேலேயே குரல் கொடுத்தான். ஸ்ம்ருதி டேப்லெட்டைப் பார்த்தபடி நின்றாள்.

முதல் மேசை முப்பத்தாறு. இரண்டாம் மேசை முப்பத்தைந்து. மூன்றாம் மேசையில் மேகலா பயத்தில் நாற்பத்தொன்று. இரண்டு சாதர் தரையில் பட்டு மறுபடி துவைக்கப் போனது. போகட்டும். லட்சுமணனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஸ்ம்ருதி நாலாம் மேசைக்கு வந்து நின்றாள். முதல் சாதர் முப்பத்தைந்து. இரண்டாவது முப்பத்தாறு. மூன்றாவது சாதரில் அவன் நடுவுக்கு ஓர் அடி எடுத்து வைத்து, அடுத்ததற்குக் காலைத் தூக்கும்போது முழங்கால் சொடுக்கியது. ஸ்ம்ருதியின் பார்வை சாதரை விட்டுத் தரைப் பக்கம் இறங்கியது.

அந்த நிமிஷத்தில் கோவிந்தம்மாள் வாயைத் திறந்தாள்.

"உங்க அக்கா போன் பண்ணாங்க."

"இப்ப எதுக்கு அது? எண்ணு."

"பூங்கோதைய அவங்க மவனுக்குக் குடுக்கறதா வாக்கு குடுத்துட்டீங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல?"

"யாரு? நானா? நான் எப்ப குடுத்தேன்?"

"எனக்கென்ன தெரியும்? பெத்தவ நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்."

"அடியே, சத்தியமா நான் குடுக்கலடி!"

"அவங்க பொய் சொல்றாங்களா அப்ப? உங்க அக்காவப் பொய்க்காரின்னு நான் சொல்லலாமா? சொன்னா விடுவீங்களா?"

அவ்வளவுதான். அவளுக்கு வாய் ஓட ஓடக் கை ஓடியது. கை ஓட ஓடக் கால் ஓடியது. முனையைக் கொண்டுவந்து அவன் கையில் அடிப்பாள், விலகுவாள், அவன் பதில் சொல்லி முடிக்கும் முன் மறுபடி வந்து நிற்பாள். பதினெட்டு வருஷப் பழக்கம். அவன் கை தானாக அவள் கைக்குப் பதில் சொல்லிற்று. அக்கா மகன் மதனின் சம்பளம், அக்காவின் வாய், போன தீபாவளிக்கு அக்கா எடுத்துத் தந்த புடவையின் லட்சணம் என்று சண்டை நீண்டது. கூடமே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. சாதர்கள் மடிந்து மடிந்து அடுக்காக ஏறின. ரோலரில் சாதர் தீர்ந்துபோய்ச் சட்டென்று கை வெறுமையானபோதுதான் லட்சுமணனுக்குச் சுயநினைவு வந்தது.

திரும்பிப் பார்த்தான். டேப்லெட்டில் பதினாறு என்று இருந்தது. பதினாறு, பதினாறு, பதினேழு, பதினாறு. மூன்றாம் மேசையில் மேகலா, முகத்தில் ரத்தமே இல்லாமல் நின்றிருந்தாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு. கூட்டம் போட்டவன் அவன், சட்டம் சொன்னவன் அவன், உடைத்தது அவன் மேசை! செயலாளரே கம்பெனியோடு உள்ளுக்குள் பேசிவிட்டாரா என்று தண்ணீர்க் குழாய் அருகில் ஒருத்தன் இந்தியில் கேட்டது காதில் விழுந்தது. சாயங்காலம் அவன் சங்க அலுவலகத்துக்குப் போகவில்லை. வீட்டில் அவள் போட்ட சோற்றைத் தின்றான், பேசவில்லை. அவளும் பேசவில்லை. மறுநாள் முழுக்க இரண்டு பேரும் வாய் திறக்காமல் மடித்தார்கள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நாலாம் மேசை ஊமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் ஸ்ம்ருதி அவனைத் தேடிக்கொண்டு கான்டீனுக்கு வந்தாள். கையில் தாள்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அங்கிள், உங்க ஸைன் வேணும். அது முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

தமிழ்! லட்சுமணன் டீயைக் கீழே வைத்தான்.

"நீ... நீங்க..."

"வீட்ல தமிழ்தான். ஜனக்புரி. படிக்கத்தான் வராது, பேச்சு எல்லாம் புரியும்." கொஞ்சம் சங்கடத்தோடு சிரித்தாள். "'எண்ணு எண்ணு' கூடப் புரிஞ்சுது. உங்க அக்கா ஸாரி மேட்டரும் புரிஞ்சுது. ஸாரி."

அவனுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் ஒரு தாளை அவன் முன்னால் விரித்தாள். ஆறு மேசை வரைந்திருந்தது. ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் இரண்டு நிறத்தில் கோடுகள்.

"இது யார் எவ்ளோ நடக்கறாங்கன்னு. ஒரு ஆள் நீலம், ஒரு ஆள் சிவப்பு. பாருங்க, எல்லா டேபிள்லயும் ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு ஸ்டெப் வந்து நடுவுல மீட் பண்றாங்க. உங்க டேபிள் பாருங்க."

நாலாம் மேசையில் நீலக் கோடு குட்டையாக இருந்தது. சிவப்பு நீளமாக.

"நீங்க ஒரு ஸ்டெப்புதான் வர்றீங்க அங்கிள். ஆண்ட்டி மூணு வர்றாங்க. எல்லா வாட்டியும். நான் வீடியோ போட்டுப் பார்த்தேன். மெதுவா மடிச்ச அந்த மூணு சாதர்ல மட்டும்தான் நீங்க ரெண்டாவது ஸ்டெப் வச்சீங்க. அப்போ உங்க கால்..." நிறுத்திவிட்டாள். "அதனாலதான் பதினாறு. ஆண்ட்டி ஓடறாங்க. நீங்க அடுத்த ஸ்டெப் வைக்கறதுக்கு முன்னாடி வந்துடணும்னு ஓடறாங்க. எங்க புக்ல இதுக்குப் பேரு வேஸ்ட். தேவையில்லாத நடை. ஒரு நாளைக்கு உங்களவிட ரெண்டரை கிலோமீட்டர் ஜாஸ்தி நடக்கறாங்க."

லட்சுமணன் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை எண்ணெய் ஞாபகம் வந்தது. வெந்நீர் வாளி ஞாபகம் வந்தது. ஐயோ, நான் ஒரு முட்டாள், நான் ஒரு முட்டாள் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டான்.

"இதை நான் ரிப்போர்ட்ல போடணுமா வேண்டாமான்னு உங்ககிட்ட கேக்கணும்னு தோணிச்சு" என்றாள் ஸ்ம்ருதி. "போட்டா அவங்க உங்களை அன்ஃபிட்னு சொல்லலாம். போடலைன்னா, பதினாறுதான் நிக்கும். எல்லாருக்கும் பதினாறுதான் டார்கெட்."

"ஒரு நிமிசம் இரும்மா" என்று எழுந்தான்.

கோவிந்தம்மாள் மேசையருகே தனியாக, கிடைத்த இடைவேளையில் ஒரு காலை மற்றதன் மேல் வைத்துப் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் காலை இறக்கினாள்.

"அக்கா போன் பண்ணாங்களா?" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"இல்ல."

"பின்ன?"

"மெதுவா மடிச்சா உங்க காலு தெரியுது. அந்தப் பொண்ணு குனிஞ்சு பாக்குது. பாய்லர்ல கை சுட்டுக்கிட்ட அருள்ராஜண்ணன அன்ஃபிட்டுன்னு வீட்டுக்கு அனுப்புனாங்களே, மறந்துட்டீங்களா? சண்ட போட்டாத்தான் எனக்கு வேகம் வரும். உங்க அக்காவ இழுத்தாத்தான் உங்களுக்கு வரும்."

"எத்தன நாளா இப்படி?"

"என்னிக்கு விழுந்தீங்களோ அன்னிலேருந்து."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா? காலு நல்லாயிருச்சுன்னு ஊரெல்லாம் சந்தோசமா சொல்லிக்கிட்டுத் திரியற மனுசன்கிட்ட என்னான்னு சொல்றது?" அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கையெழுத்த மட்டும் போட்டுட்டு வந்துருங்க. கால் பேச்ச எடுக்காதீங்க. என் தலை மேல சத்தியம்."

எதிரே மூன்றாம் மேசையில் மேகலா டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். லட்சுமணன் சத்தியம் செய்யாமல் திரும்பி நடந்தான். முதல் தடவையாகத் தன் நடையைக் கவனித்தான். இழுத்து இழுத்துத்தான் நடந்தான். இத்தனை நாள் அது தெரியாமல் போனது எப்படி என்றுதான் அவனுக்கே புரியவில்லை.

ஸ்ம்ருதியிடம், பதிலை அரோராவின் அறையில் சொல்கிறேன் என்றான். மூன்று மணிக்கு அங்கே கூட்டம். அரோரா கெட்ட மனிதர் இல்லை. நம்பரை நம்புகிற மனிதர், அவ்வளவுதான். பதினாறை விரலால் தட்டிக்காட்டினார்.

"லட்சுமண் ஜி, உங்கள் மேசையே செய்கிறது. அதுவும் சண்டை போட்டுக்கொண்டே செய்கிறது!" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். "மற்றவர்களுக்கு இருபது வைக்கிறேன், போதுமா? எட்டுப் பேர் தாராளம்."

ஸ்ம்ருதி தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். அவனைப் பார்த்தாள். இப்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தால் அவன் கால் ரகசியம் பத்திரம், அவன் வேலையும் பத்திரம். நாலு பேர் போவார்கள். லட்சுமணன் பேனாவை மூடி வைத்தான்.

"சாப், அந்தப் பதினாறு மேசையோட வேகம் இல்லை" என்றான், அந்தத் தப்பும் தவறுமான இந்தியில். "அது என் மனைவியோட வேகம். எனக்கு முழங்கால் போய்விட்டது. நான் நடக்க வேண்டிய நடையையும் சேர்த்து அவள் நடக்கிறாள். இரண்டு வருஷமாக நடக்கிறாள். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். வேறு எந்த மேசையிலும் ஒரு ஆள் இன்னொரு ஆளுக்காக அப்படி ஓட மாட்டார்கள். ஓடவும் கூடாது. ஒருத்தி தன் புருஷன் மேல் வைத்திருக்கிறதை நீங்கள் எல்லோருக்கும் டார்கெட்டாக வைக்க முடியாது, சாப்."

அரோரா பதினாறின் மேலிருந்த விரலை எடுத்தார்.

"அப்போ நீங்கள் அன்ஃபிட்டா?" என்றார் அரோரா மெதுவாக.

"ஆமாம். உங்கள் ஈரத்தரையில் விழுந்து அன்ஃபிட் ஆனவன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைப் பிறகு பேசுவோம். முதலில் பன்னிரண்டு பேரைப் பேசுவோம்."

அப்புறம்தான் ஸ்ம்ருதி இன்னொரு தாளை எடுத்தாள். முப்பத்தைந்து பொய், பதினாறு ஓர் ஆளின் பாதத்தில் ஏறிய வலி. நியாயமான நேரம் இருபத்துநாலு என்றாள். ஆனால் அது முக்கியமே இல்லை, ஒரு ஷிப்டில் மடிப்பவர்கள் இரண்டு மணி நேரம் சாதருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஏன் என்றுதான் தனக்குப் புரியவில்லை என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் லட்சுமணன். பதினெட்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. பதில் மனசுக்குள் வரிசையாக ஓடியது. துணி உலர்த்தும் டிரையர் மூன்றையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பாய்லர், ரோலருக்கு நீராவி குறைந்துவிடுகிறது, சாதர் ஈரமாக வருகிறது, ரோலரை நிறுத்துகிறார்கள். இருபது நிமிஷம் விட்டு விட்டுப் போட்டால் தீர்ந்தது, சாதர் நிற்காமல் வரும், பன்னிரண்டு பேருக்கும் வேலை இருக்கும். டிராலிச் சக்கரம் வேறு உடைந்து கிடக்கிறது. சொல்கிறேன், எல்லாம் சொல்கிறேன். ஆனால் மடிப்பில் ஒருத்தரையும் எடுக்க மாட்டோம் என்று முதலில் எழுதிக் கொடுங்கள் என்றான். அரோரா ஸ்ம்ருதியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். ஒரு வருஷம் என்றான் லட்சுமணன். ஒரு வருஷம் என்று எழுதினார்கள். தொழிற்சாலைக்குள் அடிபட்டவர்களுக்கு அதே சம்பளத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று இன்னொரு வரியும் ஏறியது. அருள்ராஜின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லிச் சேர்த்தான்.

கீழே வந்து சொன்னபோது கூடத்தில் ஒரே கூச்சல். மேகலா அழுதேவிட்டாள். கோவிந்தம்மாள் மட்டும் சாதர் அடுக்கை நேராக்கிக்கொண்டே, "அப்ப நீங்க இந்த மேசையில இல்ல" என்றாள்.

"கிழிசல் பாக்கற மேசை. உக்காந்து பாக்கணும்."

"அது அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

அதைத்தான் அவன் ஸ்ம்ருதியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருந்தான். புதிதாக இடம் மாற்றி வரைகிறாளே, கிழிசல் மேசையை நாலாம் மேசைக்குப் பக்கத்தில், பேசினால் கேட்கிற தூரத்தில் போட முடியுமா? ரீஸன் என்ன எழுதட்டும் அங்கிள் என்றாள் அவள். குடும்பம்னு எழுதும்மா என்றான். சிரித்துக்கொண்டே தகவல் பரிமாற்றம் என்று இங்கிலீஷில் எழுதினாள்.

திங்கட்கிழமை லட்சுமணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாதரை வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் பார்த்தான். நாலாம் மேசையில் கோவிந்தம்மாளுக்கு எதிரே மேகலா. கிழிசல் மேசையில் முன்பு இருந்த ஆள் மூன்றாம் மேசைக்குப் போயிருந்தான். ரோலர் நிற்காமல் ஓடியது. முதல் சாதரை உதறினார்கள், மடித்தார்கள், நடுவுக்கு வந்தார்கள். கோவிந்தம்மாள் மூன்று அடி வந்து மேகலா மேல் நேராக மோதிக்கொண்டாள்.

"அக்கா, நானும் வரேன் இல்ல? பாதி தூரந்தான் உங்களுது" என்று சிரித்தாள் மேகலா.

இரண்டாவது சாதர். மறுபடி மோதினாள். மூன்றாவதிலும்.

லட்சுமணனுக்குக் கையிலிருந்த சாதரில் கிழிசல் எது, இழை எது என்று தெரியவில்லை. கண் அப்படி மறைத்தது. சாதரை மடியில் போட்டான்.

"கோயிந்தம்மா, நீ அங்கயே நில்லு. அவ வருவா" என்றான்.

கோவிந்தம்மாள் கையில் முனைகளோடு நின்று தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியுதுங்க. காலுக்குத்தான் இன்னும் தெரியல" என்றாள்.